லீவு என்றால் எல்லோருக்கும் லீவு!

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், சென்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வானிலை நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் ஒரு சின்னப் புன்னகை. தாழ்வு மண்டலம் என்றால் வீட்டுப்பாடத்தை ஓரம் கட்டலாம். புயல் என்றால் பையையே தூக்கிப் பரணில் போட்டுவிடலாம்! மற்ற நாட்களில் ஏழு மணிக்கு உலுக்கினாலும் எழாத பிள்ளை, மழை நாளில் மட்டும் ஐந்தரைக்கே எழுந்து டிவியின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துக் கொண்டிருக்கும். "கனமழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஓடிவிட்டால், மாவட்ட ஆட்சியரைவிட நல்ல மனிதர் அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது.

இந்தக் காட்சியில் சில வருடங்களாக ஒரு புது வில்லன் நுழைந்திருக்கிறான்.

டிவியில் விடுமுறைச் செய்தி ஓடிய பத்தாவது நிமிடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் டிங் என்று ஒரு சத்தம். மழை காரணமாக இன்று வகுப்புகள் ஆன்லைனில் நடைபெறும். 9 மணிக்கு லிங்க் வரும். சீருடை அணிந்திருக்க வேண்டும். வருகைப் பதிவு உண்டு!

கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் இது. கொரோனா போய்விட்டது. பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டில் சில தனியார் பள்ளிகள் மழை விடுமுறை நாளிலும் இப்படி வகுப்பு எடுக்கின்றன. டெல்லியில் காற்று கெட்டுப் போனால் அரசாங்கமே எல்லாப் பள்ளிகளையும் ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பனிப்பொழிவு நாட்களுக்கு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

"இதில் என்ன தப்பு? லீவு போய்விட்டதே என்று பிள்ளைகளுக்குக் கோபம், அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் சிரிக்கலாம். பிள்ளைகளின் ஜாலி மட்டும்தான் பிரச்சனை என்றால் இரண்டு வரியில் புலம்பிவிட்டுப் போய்விடலாம். விஷயம் அது இல்லை. மழை நாள் ஆன்லைன் வகுப்பு என்பது, ஏற்கனவே முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளையிடமிருந்து அன்றைய பாடத்தையும் சேர்த்துப் பிடுங்கிக் கொள்ளும் ஏற்பாடு. அதைவிட மோசம், பிடுங்கியது வெளியே தெரியாமல் "பள்ளி நடந்தது" என்று ஏட்டில் எழுதிவிடும் ஏற்பாடு.

மழை யார் வீட்டில் பெய்கிறது?

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டே நாளில் சென்னையின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எல்லாம் படகில் வந்து ஆட்களை மீட்டார்கள். ஷாக் அடித்துவிடக் கூடாது என்று மின்சாரத்தை நிறுத்தினார்கள். சில தெருக்களில் அது திரும்பி வர நாட்கள் ஆயின. செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. பக்கத்துத் தெருவில் இருக்கும் பாட்டி உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்து கொள்ளவே தண்ணீரில் நடந்து போக வேண்டியிருந்தது. சென்னையில் பள்ளிகள் மறுபடி திறந்தது டிசம்பர் 11ஆம் தேதிதான்.

அதே மாதம் 17, 18 தேதிகளில் தெற்கே இன்னொரு மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர்! ஒரு வருடத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் சோறு தண்ணீர் இல்லாமல் சிக்கிக் கொண்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளியை மூடும் அளவுக்கு மழை பெய்தால், அதே மழையில் முதலில் போவது எது? மின்சாரம். இரண்டாவது போவது? நெட்வொர்க். அதாவது ஆன்லைன் வகுப்புக்கு என்னென்ன தேவையோ அதெல்லாம் அன்றைக்குத்தான் இருக்காது! குடை பிடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் விரியாத குடையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

வீட்டில் மிச்சமிருக்கும் போனில் 12 சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை மீட்புப் படகுக்குப் போன் செய்ய வைத்துக் கொள்வதா, அல்ஜீப்ரா வகுப்புக்குப் போடுவதா? எந்த அம்மாவைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஆனால் அந்த அம்மாவின் பிள்ளைக்கு அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட்.

போன் எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, உண்மைதான். 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கை, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 வயதுப் பிள்ளைகளில் அதைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் சுமார் 27 சதவீதம் மட்டுமே. வீட்டில் போன் இருப்பது வேறு, காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையில் போன் இருப்பது வேறு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், சவாரி வருவதே அந்தப் போனில்தான். அம்மா வேலைக்குப் போகிறார், போனும் கூடவே போகிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் யாருக்குப் போன்? பத்தாவது படிக்கும் அண்ணன் இருந்தால் ஐந்தாவது படிக்கும் தங்கைக்குக் கண்டிப்பாகக் கிடைக்காது.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை?

அமெரிக்காவில் பனி கொட்டினால் பள்ளியை மூடுவது அந்தக் காலத்திலிருந்து உள்ள வழக்கம். ஸ்னோ டே என்பார்கள். அங்கேயும் பிள்ளைகள் நம்மூர் மாதிரிதான், முதல் நாள் இரவே வானத்தைப் பார்த்து வேண்டிக் கொள்வார்கள். ஆனால் அங்கே பல மாநிலங்களில் வருடத்துக்கு 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும் என்று விதி. பனியில் நாலு நாள் போனால் அதை ஜூன் மாதம் நீட்டியோ இடையில் வரும் விடுமுறையைக் குறைத்தோ ஈடு கட்ட வேண்டும். அது பெற்றோருக்குத் தொல்லை, ஆசிரியர்களுக்குத் தொல்லை, அதிகாரிகளுக்கும் தொல்லை. அந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கண்டுபிடித்ததுதான் வீட்டிலிருந்தே படிக்கும் நாள். பென்சில்வேனியா மாநிலம் 2019ல் வருடத்துக்கு ஐந்து நாள் வரை இப்படி நடத்தலாம் என்று சட்டமே கொண்டு வந்தது.

கவனியுங்கள். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் புரிகிறது என்று யாரும் கண்டுபிடித்து இதைக் கொண்டு வரவில்லை. நாள் கணக்கைச் சரிக்கட்டத்தான் கொண்டு வந்தார்கள்!

அது நடக்கிற லட்சணத்துக்கு ஒரு உதாரணம் நியூயார்க். உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் சுமார் 9 லட்சம் பேர். 2024 பிப்ரவரி 13 அன்று பனிப் புயல் வருகிறது என்று பள்ளிக் கட்டடங்களை மூடி, எல்லோரும் வீட்டிலிருந்தே படியுங்கள் என்றார்கள். முன்கூட்டியே ஒத்திகை வேறு பார்த்திருந்தார்கள். காலையில் என்ன ஆனது? எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்ததில் லாகின் ஆகவில்லை. ஏராளமான பிள்ளைகளும் ஆசிரியர்களும் காலை நேரத்தைத் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தே கழித்தார்கள். அன்றைக்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் விழுந்த பனி வெறும் 3.2 அங்குலம். நியூயார்க்கிலேயே இந்தக் கதி என்றால் மணலியிலும் மீஞ்சூரிலும் என்ன ஆகும்?

அதே நாட்டில் வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. 2020 டிசம்பர், கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். மேற்கு வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் கவுண்டிப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக இருந்தவர் பாண்டி ஷே கிப்சன். ஆன்லைன் வகுப்பு எல்லா வீட்டுக்கும் பழகிப் போயிருந்த அந்த நேரத்திலும், பனி கொட்டிய நாளில் ஆன்லைனும் கிடையாது, முழு விடுமுறை என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் எவ்வளவோ இழந்துவிட்டார்கள், ஒரு பனி நாளையாவது அவர்களுக்கு விட்டு வைப்போம் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கடிதம் அமெரிக்கா முழுவதும் பரவியது. படித்தவர்கள் மனதில் எதையோ அது தொட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் வராத நாளும், சிலர் வராத நாளும்

உணர்ச்சி இருக்கட்டும், கணக்குக்கு வருவோம். லீவு விட்டால் படிப்பு கெடாதா?

இந்தக் கேள்வியையே ஒருவர் எடுத்து ஆராய்ந்தார். ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதார அறிஞர், மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களையும் பனி நாட்களையும் வைத்து 2014ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பனியால் பள்ளி மொத்தமாக மூடிய நாட்கள் மதிப்பெண்ணைப் பாதித்ததாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பள்ளி திறந்திருந்து, சில பிள்ளைகள் மட்டும் வராமல் போன நாட்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன!

முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். இரண்டிலும் போனது ஒரு நாள்தானே? வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 40 பேர் உள்ள வகுப்பில் 40 பேருமே வரவில்லை என்றால், மறுநாள் டீச்சர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வாரத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டி ஈடு கட்டிவிடுவார். ஆனால் 26 பேர் வந்து 14 பேர் வரவில்லை என்றால்? பாடம் நடந்துவிட்டது. மறுநாள் அடுத்த பாடம். "நேற்று நடத்தியதை பக்கத்துப் பிள்ளையிடம் நோட்டு வாங்கி எழுதிக்கோ." அந்த 14 பேரும் ஒரு படி கீழே நின்றுகொண்டே அடுத்த பாடத்தைக் கேட்க வேண்டும். கணக்குப் பாடத்தில் ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது மழை நாள் ஆன்லைன் வகுப்பை இதில் பொருத்திப் பாருங்கள். விடுமுறை என்பது எல்லோரும் வராத நாள். யாருக்கும் கெடுதல் இல்லாத வகை. அதை ஆன்லைன் நாளாக மாற்றிவிட்டால் அது சிலர் வராத நாள் ஆகிவிடுகிறது. கெடுதல் செய்யும் வகை! படிப்பைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டு, சாதாரண லீவை ஒரு ஆப்சென்ட்டாக மாற்றி, அதையும் வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள். மேடான தெருவில் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாடம் லாபம். பள்ளமான தெருப் பிள்ளைக்கு ஒரு பாடம் நஷ்டம். இரண்டு பிள்ளைகளும் எழுதப் போவது அதே தேர்வு.

நியாயமாக இன்னொரு ஆய்வையும் சொல்லிவிட வேண்டும். டேவ் மார்காட், ஸ்டீவன் ஹெமெல்ட் என்ற இருவர் மேரிலாண்ட் மாநிலத்தைப் பார்த்து 2008ல் எழுதியதில், திடீர் மூடல்கள் அதிகமான வருடங்களில் தேர்ச்சி குறைந்தது என்று கண்டார்கள். ஆகவே நாட்கள் போனால் போகட்டும், ஒன்றும் ஆகாது என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. போன நாளைத் திருப்பித் தர வேண்டும். நிஜமான நாளாகத் திருப்பித் தர வேண்டும். அதற்குத்தான் சனிக்கிழமை இருக்கிறது! மழைக்கு விட்ட லீவுக்குச் சனிக்கிழமை பள்ளி வைப்பது தமிழ்நாட்டில் காலங்காலமாக நடப்பதுதான். பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் நேர்மையான ஏற்பாடு. 40 பேரும் வரலாம். கரும்பலகைக்குச் சார்ஜ் போட வேண்டாம்.

சோறு எங்கே?

மழைக்குப் பதில் புகை வந்தால் என்ன நடக்கும் என்பதை டெல்லியில் பார்க்கலாம். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. 450க்கு மேலே போனாலே மிக மோசம் என்று கணக்கு. பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். உச்ச நீதிமன்றமும் தலையிட, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் ஆன்லைனுக்குப் போயின.

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 25 அன்று, அதே உச்ச நீதிமன்றம் இதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதற்கு நீதிபதிகள் காட்டிய காரணங்களைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பள்ளி மூடியதால் ஏராளமான பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்கவில்லை. ஏராளமான பிள்ளைகளுக்கு ஆன்லைனில் படிக்க வசதி இல்லை. பலர் வீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவியும் இல்லை, ஆகவே அவர்கள் வீட்டில் இருப்பதற்கும் பள்ளிக்குப் போவதற்கும் வித்தியாசமே இல்லை. அன்று இரவே விதி தளர்த்தப்பட்டு, நேரிலும் வரலாம், வீட்டிலும் படிக்கலாம் என்று ஆனது.

முதல் காரணம் சோறு! கல்வி பற்றிய வழக்கு கூட இல்லை அது, காற்று மாசு வழக்கு. அங்கேயும் முதலில் வந்து நின்றது பிள்ளையின் வயிறு.

தமிழ்நாட்டில் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவு, 2022ல் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கி வைத்த காலை உணவு என்று, பள்ளிக்கூடம் என்றாலே பாடமும் சாப்பாடும் சேர்ந்தது என்பது இங்கே ஊறிப்போன விஷயம். திரையில் பாடம் வரலாம். முட்டை வருமா?

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. மதிய உணவுக்காக மத்திய அரசு 2015ல் போட்ட விதிகளின்படி, பள்ளி நாள் ஒன்றில் எந்தக் காரணத்தாலாவது பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றால், அதற்கு ஈடாகத் தானியமும் பணமும் தர வேண்டும். அரிசி இல்லை, விறகு இல்லை, சமையல்காரர் வரவில்லை என்று எந்தச் சாக்கும் செல்லாது. சரி, ஆன்லைன் நாளையும் பள்ளி நாள் கணக்கில் சேர்க்கிறீர்களே, அன்றைய அரிசி எங்கே? நாள் கணக்குக்கு மட்டும் பள்ளி நாள், சோற்றுக் கணக்குக்கு விடுமுறை நாளா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா!

எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது?

"கொரோனாவில் ஆன்லைன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். ஒன்றரை வருடத்துக்கு மேல்! அப்போது எது கிடைத்தாலும் லாபம். கல்வித் தொலைக்காட்சி, ஆன்லைன், பிறகு வீடு தேடிப் போன இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் என்று எல்லாமே தேவைப்பட்டது. யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தபோது கஞ்சி குடித்தோம் என்பதற்காக, ஒரு வேளை சாப்பாடு தாமதமானாலும் கஞ்சிதான் என்று சொல்வார்களா? ஒன்றரை வருடத்தைச் சனிக்கிழமைகளில் ஈடு கட்ட முடியாது. மூன்று நாளை முடியும்.

"போர்ஷன் முடியாதே, பொதுத் தேர்வு வருகிறதே" என்பார்கள். போர்ஷன் முடிவது டீச்சருக்கா, பிள்ளைக்கா? பாதி வகுப்பு இல்லாமல் முடித்த போர்ஷன் டைரியில் முடிந்திருக்கும், பிள்ளையின் மண்டையில் முடிந்திருக்காது. 2015ல் சென்னை வெள்ளத்தில் வாரக்கணக்கில் பள்ளி இல்லை. அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். வெள்ளத்தில் புத்தகம் போன பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் கொடுத்தார்கள். ஊரே மூழ்கியபோது பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் அவகாசமும் ஒரு செட் புத்தகமும்தான்.

"வசதி உள்ள பிள்ளைகளாவது படிக்கட்டுமே, அதை ஏன் கெடுக்க வேண்டும்?" என்பதுதான் கொஞ்சம் வலுவான வாதம். வசதி உள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். கதைப் புத்தகம் படிக்கட்டும், பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்கட்டும், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆனால் பள்ளி என்பது ஒரு பொது ஏற்பாடு. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருப்பவர்களுக்குள்ளேயே இரண்டு வேகம் வைப்பது பள்ளியின் வேலை இல்லை. கட்டணம் கட்டும் தனியார் பள்ளியிலும் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் வீடுகள் எத்தனையோ. வெள்ளம் வரும்போது ரசீதைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

இன்னொருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டீச்சர்! அவருக்கும் வீடு இருக்கிறது, அங்கேயும் மழை பெய்கிறது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக் கொண்டிருக்கும் ஆசிரியை, அதே நேரம் புன்னகையோடு "எல்லோரும் கேமராவை ஆன் செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. செய்யக் கூடியவை இல்லாமல் இல்லை.

முதலாவது, வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வரும் விருந்தாளி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் என்று காலண்டர் அடிப்பவருக்கே தெரியும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரை 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. ஜூன் மாதம் நாட்காட்டி போடும்போதே கடலோர மாவட்டங்களுக்கு ஐந்தாறு மழை நாட்களை ஒதுக்கி வைத்தால், பிறகு பதறவே வேண்டாம். மழை பெய்யாவிட்டால் அந்த நாட்கள் திருப்புதலுக்கு உதவும்.

இரண்டாவது, விடுமுறை அறிவித்த நாளில் புதுப் பாடம் கூடாது, வருகைப் பதிவு கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, எந்த வாரியம் என்ற வித்தியாசம் இல்லாமல் இது பொது விதியாக இருக்க வேண்டும். விருப்பப்பட்டவர் படிக்கலாம், வராதவர் எதையும் இழக்கக் கூடாது.

மூன்றாவது, டெல்லி மாதிரி வருடா வருடம், வாரக்கணக்கில் வரும் தொல்லைக்கு விடுமுறையையே நகர்த்தலாம். 2023ல் டெல்லி அரசு அதைச் செய்தும் காட்டியது. ஜனவரியில் விட வேண்டிய குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியை நவம்பர் 9 முதல் 18 வரை முன்னால் கொண்டு வந்தது. புகைக்கு அது மருந்து இல்லைதான். ஆனால் நாளுக்கு நாள் நேர்மையான கணக்கு.

நான்காவது, மூடல் உண்மையிலேயே நீண்டால், முதலில் வீட்டுக்குப் போக வேண்டியது அரிசியும் பருப்பும் முட்டையும். அடுத்தது காகிதத்தில் அச்சடித்த பாடம். திரை மூன்றாவதாக வரட்டும்.

இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. மழை பெய்தால் பள்ளி இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தால் போதும். பள்ளி நடக்காத நாளை நடந்ததாக எழுதுவதற்குப் பெயர் தொலைநிலைக் கல்வி இல்லை, பொய்க் கணக்கு. அந்தப் பொய்க்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், ஈரமான சுவரில் சாய்ந்தபடி, அணைந்து போன போனைக் கையில் வைத்துக் கொண்டு, இன்றைக்கு என்ன நடத்தினார்களோ என்று தவிக்கும் பிள்ளைதான் கொடுக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு லீவு விடுங்கள். கூடவே மற்ற 39 பேருக்கும் விடுங்கள். வெயில் வந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிடுங்கள். முணுமுணுத்துக் கொண்டேதான் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் டீச்சர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும், நாற்பது பேருக்கும்!